புகையும் நெருப்பும்

மலையின்கண் புகை எழக் கண்டவன், ஆங்கு நெருப்பு உண்டென்று துணிகின்றான். இதனைக் கருதலளவை என்பர் தருக்க நூலார். ஆயினும், எரிவது விறகோ வைக்கோலோ என்பதை அப்புகை ஒன்றே அறிவித்துவிடாது. அதனைத் தெளிய வேறொரு சான்றும் வேண்டும். வானநூல் வல்லார்க்கு நேர்ந்ததும் இத்தகைய நிலையே.

1983-ஆம் ஆண்டில் அமெரிக்கா, நெதர்லாந்து, பிரிட்டன் ஆகிய மூன்று நாடுகளும் கூடி, ஐராஸ் என்னும் செயற்கைக்கோளை விண்ணில் ஏவின. கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர்களைக் கொண்டு அது வானத்தை ஏறக்குறைய முழுதும் ஆராய்ந்தது. கட்புலனுக்குரிய ஒளியில் மங்கித் தோன்றும் சில விண்மீன் மண்டலங்கள், அகச்சிவப்பில் ஞாயிற்றினும் ஒரு இலட்சம் கோடி மடங்குக்கு மேலான ஒளியுடன் திகழ்தல் அதனால் விளங்கிற்று. அவற்றுள் செறிந்துள்ள தூசு, உள்ளிருந்து வரும் ஒளியை விழுங்கிச் சூடேறி, அவ்வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வெளியிடுகின்றது. இவற்றுட் பெரும்பாலானவை, இரு மண்டலங்கள் மோதிக் கலத்தலால் விளைந்தவை.

அத்தூசினைச் சூடேற்றுவது யாது? புதிய விண்மீன்கள் திரள்திரளாகப் பிறத்தலோ? அன்றி, நடுவிலுள்ள பெருங்கருந்துளையை நோக்கி வளி சுழன்று வீழுங்கால் எழும் வெம்மையோ? அகச்சிவப்பொளியின் மிகுதி ஒன்றே இவ்வினாவிற்கு விடையாகாது.

இவ்விடத்து எக்ஸ் கதிர் துணைபுரிகின்றது. ஆற்றல் மிக்க எக்ஸ் கதிர்கள், கட்புலன் ஒளி கடக்கவியலாத தூசுப் படலத்தையும் ஊடுருவி வருவன. எனினும், நிலவுலகைச் சூழ்ந்த காற்று அவற்றைத் தடுத்துவிடுதலின், தொலைநோக்கியை விண்ணிற்கே அனுப்புதல் இன்றியமையாததாயிற்று. 1999-இல் அமெரிக்கா ஏவிய 'சந்திரா' அத்தகையது. சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று, 1983-இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரை அது தாங்கி நிற்கின்றது.

அகச்சிவப்பில் பேரொளி வீசும் என்.ஜி.சி. 6240 என்னும் மண்டலத்தைச் சந்திரா நோக்கியபோது, அதன் நடுவே ஒன்றன்று, இரண்டு கருந்துளைகள் வளியை ஈர்த்துக்கொண்டிருத்தல் புலனாயிற்று. 2002-இல் இச்செய்தி வெளியாயிற்று. அவற்றிடையே உள்ள தொலைவு ஏறக்குறைய 3,000 ஒளியாண்டு. கருந்துளையை அடுத்துள்ள இரும்பு அணுக்கள் வெளியிடும் தனிக்குறியான எக்ஸ் கதிர், இரண்டிடத்தும் சான்று பகர்ந்தது.

ஒரு கருவி கண்டதனை மற்றொன்றால் காண்பது வீண் செலவு என்பாரும் உளர். அக்கூற்றுப் பொருந்தாது. அகச்சிவப்புக் கருவி இன்றேல், எம்மண்டலத்தை நோக்குவது என்பதே தெரிந்திராது; எக்ஸ் கதிர்க் கருவி இன்றேல், அதனுள் மறைந்திருப்பது தெரிந்திராது. ஒன்று இடத்தைக் காட்ட, மற்றொன்று காரணத்தைக் காட்டுகின்றது.

எக்ஸ் கதிரும் எல்லாம் வல்லதன்று. ஏறக்குறைய 25 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஆர்ப் 220 என்னும் மண்டலத்தின் நடுவில், வளி மிகமிகச் செறிந்துள்ளமையால் எக்ஸ் கதிரும் பெரிதும் தடையுறுகின்றது. அங்கிருந்து வரும் கதிர் குறைவாயிருத்தல் கொண்டு, கருந்துளை இல்லையென்று முடிவு கூறுதல் இயலாது. எனவேதான், இன்னும் ஆற்றல் மிகுந்த எக்ஸ் கதிர்களைக் காணவல்ல நூஸ்டார் என்னும் தொலைநோக்கி 2012-இல் ஏவப்பட்டது. ஐயம் நீங்காத இடத்து ஐயத்தை ஒளியாது ஒப்புக்கொண்டு, மேலும் கூரிய கருவியை நாடுதலே அறிவியலின் நேர்மை.

மாணாக்கர் இதனின்றும் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. மங்கித் தோன்றுவதை எளிதென்று இகழ்தலும், ஒரு சான்றே கொண்டு தீர்ப்புக் கூறுதலும் அறிவுடையார்க்கு ஏலா. புகையைக் கண்டவன் நெருப்பை அறிந்தான். அருகணைந்து நோக்கியவனே எரிவது இன்னதென்று அறிந்தான்.