எட்டு லிட்டர் எங்கே போயிற்று?

மாம்பலத்தில் ஒரு வீடு. அங்கே போன மாதம் ஒரு வழக்கு நடந்தது. வாதி, வீட்டு எஜமானி மாமி. பிரதிவாதி, பத்து வருஷமாக அந்த வீட்டு வண்டியை ஓட்டும் டிரைவர். சாட்சி, ஒரு பெட்ரோல் பில்!

விஷயம் இதுதான். குடும்பத்தோடு திருவண்ணாமலைக்குப் போயிருந்தார்கள். பாட்டிக்கு முழங்கால் வலி. நடந்து கிரிவலம் வர முடியாது. பௌர்ணமியன்று மலையைச் சுற்ற வண்டியை விடமாட்டார்கள் என்பதால், சாதாரண ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துக் காரிலேயே சுற்றினார்கள். கிளம்பும்போது டாங்க்கை நிரப்பினார்கள். திரும்பி வந்ததும் மறுபடி நிரப்பினார்கள். ஓடியது 412 கிலோமீட்டர். பிடித்தது 29.4 லிட்டர்.

மாமி பென்சிலை எடுத்தார். "வண்டி வாங்கும்போது லிட்டருக்கு இருபது என்றார்களே! அப்படியானால் இருபதரை லிட்டர்தானே ஆகியிருக்க வேண்டும்? மீதி எட்டு லிட்டர் சொச்சம் எங்கே போயிற்று?"

"அம்மா, நான் ஒரு சொட்டு தொட்டதில்லீங்க."

"நான் உன்னைச் சொல்லவில்லையேப்பா. கணக்கு சொல்கிறது."

லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலும் எண்ணூறு ரூபாய்க்கு மேல். சின்னத் தொகை இல்லை. ஒரு மனுஷனுடைய பத்து வருஷ நாணயமும் சின்ன விஷயம் இல்லை. ஆகவே தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் அந்த இருபது எங்கிருந்து வந்தது என்று பார்த்து விடுவோம்.

நம் நாட்டில் கார்களுக்குக் கம்பெனி சொல்லும் மைலேஜ் ரோட்டில் ஓட்டிப் பார்த்தது அல்ல. புனாவில் ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற ஸ்தாபனம் இருக்கிறது. அதைப் போன்ற பரீட்சைச் சாலைகளில் வண்டியை உருளைகள் மேல் நிறுத்திச் சுமார் இருபது நிமிஷம் ஓட்டுவார்கள். வேகம் தொண்ணூறைத் தாண்டாது. சராசரி முப்பதைச் சற்றே தாண்டும். மேடு இல்லை, எதிர்க்காற்று இல்லை, குறுக்கே மாடு இல்லை. இதுவரை வந்த எண்கள் பெரும்பாலும் ஏ.ஸி. போடாமலே எடுக்கப்பட்டவை. ஒரு வண்டியை இன்னொரு வண்டியோடு ஒப்பிட அந்த எண் உதவும். டிரைவரைக் கூண்டில் ஏற்ற உதவாது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். கிரிவலப் பாதை பதினாலு கிலோமீட்டர். நடப்பவர்கள், ஆட்டோக்கள், சாமியார்கள், இளநீர் வண்டி எல்லோருக்கும் நடுவே முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்ந்தது வண்டி. மலைக்கு மேற்குப் பக்கம் அடி அண்ணாமலையில் பெரியவர்கள் இறங்கித் தரிசனத்துக்குப் போனார்கள். குழந்தைகள் பின் ஸீட்டில் தூங்கி விட்டார்கள். "வெயிலாயிருக்கு, ஏ.ஸி. ஓடட்டும்" என்று உத்தரவிட்டவர் யார் என்று நினைக்கிறீர்கள்? மாமியேதான்! நின்ற இடத்திலேயே என்ஜினும் ஏ.ஸி.யும் ஓடினால் சின்ன பெட்ரோல் கார்கூட மணிக்கு ஒரு லிட்டரை ஒட்டிக் குடித்துவிடும். ஒன்றரை மணி நேரம் நின்றது. அந்த நேரத்தில் ஓடிய தூரம் பூஜ்யம்.

போகும்போதும் வரும்போதும் திண்டிவனம் ரோட்டில் நூறு, நூற்றுப்பத்து என்று பறந்திருக்கிறார்கள். எண்பதிலிருந்து நூறுக்குப் போனால் காற்று தடுக்கிற தடை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். அதைத் தள்ளப் பெட்ரோல்தானே வேண்டும்?

பெட்ரோலே முன் போல் இல்லை என்பது இன்னொரு சமாசாரம். 2025க்குள் நாடெங்கும் இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள சக்தி, பெட்ரோலில் உள்ளதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். இதற்கென்று அமைக்கப்படாத பழைய கார்களில் மைலேஜ் ஆறு, ஏழு சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக் அறிக்கையே 2021ல் சொல்லியிருந்தது. மாம்பலத்து வண்டியும் பழசுதான்.

ஆனால் எல்லாவற்றையும் விடப் பெரிய ஓட்டை, 'ஃபுல்' என்ற அந்த வார்த்தையில் இருக்கிறது. கிளம்பும்போது ஒரு பங்க்கில் பம்ப் 'டக்' என்று தானாக நின்றதும் நிறுத்தினார்கள். வேகமாக விட்டால் நுரை தட்டி முன்னாலேயே நின்றுவிடுவதும் உண்டு. திரும்பி வந்து நிரப்பியது வேறு பங்க். அங்கே இருந்த பையன், "ரவுண்டாப் போட்டுடறேன் ஸார்" என்று ரூபாய் முழுசாகும் வரை அமுக்கியிருக்கிறான். (இந்த 'ரவுண்டு' வழக்கம் டாங்க்குக்கு நல்லதும் அல்ல, பெட்ரோல் சூட்டில் விரிய இடம் வேண்டும்.) இரண்டு 'ஃபுல்'லுக்கும் நடுவே ஒன்றிரண்டு லிட்டர் வித்தியாசம் சர்வ சாதாரணம். அதுவும் டிரைவர் தலையில்தான் விழுந்தது!

சரி, உண்மையை எப்படிக் கண்டுபிடிப்பது? நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதிதல்ல. காஸ் சிலிண்டர் மாற்றினால் காலண்டரில் தேதி குறிக்கிறோம் அல்லவா? அதே வித்தைதான். சிலிண்டரைக் காலியாகும் வரை பார்க்கிறோம். டாங்க்கை நிறைவிலிருந்து நிறைவு வரை பார்க்க வேண்டும்.

முடிந்த வரை ஒரே பங்க், ஒரே பம்ப், சமதரையில் வண்டி. தானாக நின்றதும் போதும் என்று சொல்லி விடுங்கள். உடனே மீட்டரில் உள்ள கிலோமீட்டரை ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த தடவை நிரப்பும்போது லிட்டரையும் கிலோமீட்டரையும் எழுதுங்கள். நடுவே ஐந்நூறு ரூபாய்க்கு, ஆயிரம் ரூபாய்க்கு என்று போட்டிருந்தால் அந்த பில்லில் உள்ள லிட்டரும் சேர வேண்டும். ஒரு பில் தொலைந்தாலும் கணக்குப் பாழ். பங்க்கின் அளவிலேயே சந்தேகம் வந்தால், முத்திரை போட்ட ஐந்து லிட்டர் குவளையில் அளந்து காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஐந்து லிட்டருக்கு 25 மில்லி வரைதான் பிழை அனுமதி.

ஒரு தடவையோடு தீர்ப்புச் சொல்லாதீர்கள். பத்து லிட்டர் நிரப்பும்போது ஒரு லிட்டர் முன்பின் ஆனால் பத்து சதவீதம் தப்பு. மூன்று, நான்கு தடவை சேர்த்துத் தொண்ணூறு லிட்டர் ஆனபின் அதே ஒரு லிட்டர் ஒரு சதவீதம்தான். மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுக்க வேண்டும். தனித்தனி மைலேஜ்களைக் கூட்டிப் பாதியாக்கக் கூடாது. நூறு கிலோமீட்டருக்குப் பத்து லிட்டர், நானூறுக்கு இருபது லிட்டர் என்றால், சிலர் பத்தையும் இருபதையும் கூட்டிப் பதினைந்து என்பார்கள். உண்மையில் ஐந்நூறை முப்பதால் வகுத்துப் பதினாறே முக்காலுக்குச் சற்றுக் குறைவு!

வண்டிக்குள்ளே திரையில் தெரிகிற மைலேஜை நம்பலாமா என்றால், அது அநேகமாகக் கொஞ்சம் தாராளமாகவே சொல்லும். போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக் கொள்ளுங்கள்.

மாம்பலத்து மாமி நோட்டுப் போட்டார். டிரைவருக்கு லீவு கொடுத்து, மாமியின் பிள்ளையே நாலு டாங்க் ஓட்டினான். மொத்தத்தில் லிட்டருக்குப் பதின்மூன்றரை வந்தது. டிரைவர் ஓட்டிய 412 கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் பதினாலு! மாமி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை டிரைவருக்குக் காப்பி பெரிய டம்ளரில் வந்ததாகக் கேள்வி.

இப்படி உங்கள் வண்டிக்கென்று ஒரு எண் கிடைத்த பிறகு, அடுத்தடுத்து இரண்டு மூன்று டாங்க்குக்கு அது பதினாலிலிருந்து பத்துக்கு இறங்கினால் அப்போது கவலைப்படலாம். முதலில் டயர்க் காற்றைப் பாருங்கள். பிறகு காற்று வடிகட்டி. ஓடி நின்றதும் ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சுட்டால் பிரேக் பிடித்துக் கொண்டிருக்கிறது. நிறுத்தின இடத்தில் பெட்ரோல் வாசனை வந்தால், வண்டியைக் கிளப்பாமல் மெக்கானிக்கை வீட்டுக்கே கூப்பிட்டு விடுங்கள்.