பெயரை நாம் வைக்கிறோம், எழுத்தை யார் வைப்பது?

கடந்த மாதம் என் தங்கச்சிக்குப் பெண் குழந்தை பிறந்தது, அல்ஹம்துலில்லாஹ். பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருவதற்கு முன்பே எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுமத்தில் 27 பெயர்கள் வந்து சேர்ந்துவிட்டன. ஊரில் வேறு யாருக்கும் இல்லாத பெயராக இருக்க வேண்டும் என்றார் மச்சான். மூத்தம்மாவின் பெயரையே வைக்கலாமே என்றார் உம்மா. கருத்து என்ன, கூப்பிட இலகுவா, மூத்த பிள்ளையின் பெயரோடு ஓசை பொருந்துமா என்று இரண்டு நாட்கள் வாதம் நடந்தது. "எந்தப் பெயரானாலும் சரி, அதை எப்படி எழுதப் போகிறீர்கள்?" என்று நான் கேட்டேன். "அதைப் பதிவுகாரர் எழுதுவார்தானே மச்சான்" என்று பதில் வந்தது.

இந்தக் கட்டுரை அந்தப் பதிலைப் பற்றியது. பெயரின் கருத்துக்காக இரண்டு நாட்கள் செலவழிக்கும் நாம், அதன் எழுத்துக்காக இரண்டு நிமிடம்கூட ஒதுக்குவதில்லை. இதற்கான விலையைப் பிள்ளை பதினைந்து, இருபது வருடங்கள் கழித்துத் தனியாகக் கொடுக்கிறது.

மார்க்கம் பெயரைச் சிறிய விடயமாகப் பார்க்கவில்லை. ஏழாம் நாள் அகீகாவோடு பெயர் சூட்டுவது நாம் அறிந்த ஸுன்னா. அப்துல்லாஹ், அப்துர் ரஹ்மான் ஆகியவை அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமான பெயர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். 'மாறு செய்பவள்' என்று பொருள்படும் ஆஸியா என்ற பெயரை அவர்கள் ஜமீலா என்று மாற்றிய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஆனால் பிர்அவ்னின் மனைவியான அந்த ஈமானியப் பெண்மணியின் பெயரும் ஆஸியாதான். அறபியில் முதல் எழுத்தும் 'ஸ' எழுத்தும் வேறு, கருத்தும் வேறு. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. எழுத்து மாறினால் கருத்தே மாறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

எங்கள் மூத்தம்மா, மூத்தவாப்பா தலைமுறையில் இந்தப் பிரச்சினை குறைவு. ஆதம்பாவா, உதுமாலெப்பை, மீராலெப்பை, மீரா உம்மா, பாத்தும்மா என்ற பெயர்கள் எங்கள் நாவில் உருண்டு தமிழுக்குப் பழகிப்போனவை. அவற்றைத் தமிழில் எழுத யாரும் தடுமாறவில்லை. அவர்களில் பலருக்குக் கடவுச்சீட்டே தேவைப்படவுமில்லை. எங்கள் தலைமுறைக்குப் பின் ஓசைக்காகப் பெயர் வைக்கும் வழக்கம் வந்தது. மூத்தவன் ரிஸ்வான் என்றால் அடுத்தவள் ரிஸ்னா, அதற்கடுத்தவள் ரிஸ்லா. இவற்றில் சில அறபியும் இல்லை, தமிழும் இல்லை. வகுப்பில் பிள்ளைகளிடம் "உங்கள் பெயரின் கருத்தை வீட்டில் கேட்டு வாருங்கள்" என்று நான் சொல்வதுண்டு. அடுத்த நாள் சிலர் வெறுங்கையோடு வருவார்கள். புதுப்பெயர் வைப்பது குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கருத்தும் இல்லாமல், நிலையான எழுத்தும் இல்லாமல் ஒரு பெயரைக் கொடுத்தால் பிள்ளை எதைப் பிடித்துக்கொள்ளும்?

சிக்கல் எங்கே வருகிறது என்று பார்ப்போம். தமிழில் 'ப' என்ற ஒரே எழுத்து ஆங்கிலத்தின் பி, எஃப் ஒலிகளுக்கெல்லாம் நிற்கிறது. 'ஸ' என்பது எஸ் ஆகவும் வரும், இஸட் ஆகவும் வரும். பாயிஸ் என்று பிறப்புச் சான்றிதழில் தமிழில் இருந்தால், அதை ஆங்கிலமாக்கும் ஒருவர் எஃப் போடுவார், இன்னொருவர் பி போடுவார். கடைசியில் எஸ்ஸா இஸட்டா என்பது அவரவர் விருப்பம். சிங்களத்தில் எஃப் ஒலிக்கெனத் தனி எழுத்து இருப்பதால், அங்கே பதிவாகும் பாத்திமாவின் முதல் ஒலி தப்பிவிடுகிறது. ஆனால் நமது பெயரைக் கேட்டுப் பழகாத ஒருவர் காதால் கேட்டதை எழுதும்போது வேறு இடத்தில் தவறுகிறது. வடக்கு கிழக்குக்கு வெளியே வாழும் நமது மக்கள் இதை நன்கு அறிவார்கள்.

முஹம்மது என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் இரண்டாவது எழுத்து ஓவா யூவா, நடுவில் எம் ஒன்றா இரண்டா, கடைசி டீக்கு முன்னால் ஏயா ஈயா? இந்த மூன்று கேள்விகளுக்கே எட்டு விதமான பதில் இருக்கிறது. ஒரே வீட்டில் வாப்பாவின் அடையாள அட்டையில் ஒன்று, மூத்த மகனின் சான்றிதழில் இன்னொன்று, இளையவனின் கடவுச்சீட்டில் வேறொன்று. நமக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கமும் பெரும்பாலும் இல்லை. வாப்பாவின் பெயரை முன்னால் போட்டு, பிள்ளையின் பெயரைக் கடைசியில் வைக்கிறோம். வெளிநாட்டு விண்ணப்பப் படிவம் குடும்பப் பெயரைக் கேட்கும்போது பிள்ளையின் சொந்தப் பெயர் அந்த இடத்தில் போய் உட்காருகிறது. கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் காகிதத்தில் வெவ்வேறு குடும்பம்போல் நிற்கிறார்கள். வாப்பாவின் பெயராவது எல்லா ஆவணத்திலும் ஒரே எழுத்தில் இருந்தால்தான் உறவை நிரூபிக்கலாம்.

இதில் ஆசிரியர்களான எங்கள் பங்கையும் மறைக்கக் கூடாது. நான் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து வந்த ஆரம்ப வருடங்களில், க.பொ.த. சாதாரண தர விண்ணப்பங்களை நிரப்பும் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஒரு மாணவி, பர்ஸானா என்று வைத்துக்கொள்வோம், பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவர மறந்துவிட்டாள். அவசரத்தில் வரவு இடாப்பைப் பார்த்து நானே ஆங்கிலத்தில் எழுதினேன். இஸட் வர வேண்டிய இடத்தில் எஸ் போட்டேன். முன்னால் இருந்த பாத்திமாவையும் விட்டுவிட்டேன். அவளும் வாசிக்காமல் கையொப்பமிட்டாள்.

பல வருடங்களின் பின் அவள் பாடசாலைக்கு என்னைத் தேடி வந்தாள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். கடவுச்சீட்டில் உள்ள ஆளும் சான்றிதழில் உள்ள ஆளும் ஒருவர்தான் என்று நிரூபிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பாடசாலைக் கடிதம், சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி, கொழும்புக்கு இரண்டு பயணம் எல்லாம் முடிந்தபோது இறுதித் திகதி கடந்துவிட்டது. "ஒரு எழுத்துதானே சேர், பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஒரு எழுத்து என் கையெழுத்து. அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இனி வரும் காலத்தில் இது இன்னும் இறுகும். 2017ஆம் ஆண்டிலிருந்து வழங்கப்படும் புதிய தேசிய அடையாள அட்டையில் மூன்று மொழிகளிலும் விபரம் உண்டு. இந்தியாவின் உதவியுடன் டிஜிட்டல் அடையாளத் திட்டமும் முன்னெடுக்கப்படுகிறது. கிராம உத்தியோகத்தர் நம்மை நேரில் அறிவார். "இவர் இன்னாருடைய மகன்தான்" என்று ஒரு கடிதம் தருவார். கணினிக்கு அந்த அறிமுகம் கிடையாது. இரண்டு பதிவுகளில் எழுத்துகள் வேறுபட்டால் அதற்கு இருவரும் வேறு ஆட்கள்.

ஆகவே பெற்றோருக்குச் சில ஆலோசனைகள்:

1. பெயரைத் தீர்மானித்ததும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரு தாளில் தெளிவாக எழுதுங்கள். அறபு தெரிந்த ஒரு மௌலவியிடம் கருத்தையும் எழுத்தையும் சரிபாருங்கள்.

2. பிறப்பை 42 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். அங்கே வாயால் சொல்லாமல் அந்தத் தாளைக் கொடுங்கள்.

3. வாப்பா, உம்மாவின் பெயர்களை அவர்களது அடையாள அட்டையில் உள்ளபடியே எழுத்து மாறாமல் கொடுங்கள்.

4. கையொப்பமிடும் முன் ஒவ்வோர் எழுத்தாக வாசியுங்கள். பின்னால் வரிசை நிற்கிறதே என்று வெட்கப்பட வேண்டாம்.

5. ஏற்கனவே பிழை இருந்தால், மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பித்துத் திருத்தவோ மாற்றவோ சட்டத்தில் வழி உண்டு. பிள்ளை பரீட்சைக்குத் தோற்றும் முன் செய்துவிடுங்கள்.

சக ஆசிரியர்களுக்கு ஒரே வார்த்தைதான்: பிறப்புச் சான்றிதழைக் கண்ணால் பார்க்காமல் எந்தப் பிள்ளையின் பெயரையும் எழுதாதீர்கள்.

எல்லாப் பாரத்தையும் பெற்றோர் மீது போடுவதும் நியாயமில்லை. 1987இன் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. தமிழ் தெரிந்த ஒருவர் இல்லாத பதிவு அலுவலகத்தில் அந்த உரிமை காகிதத்தில்தான் இருக்கிறது. முஸ்லிம் பெயர்களை மூன்று மொழிகளிலும் ஒரே சீராக எழுதும் ஒரு கையேட்டை உலமாக்களும் மொழி அறிந்தவர்களும் சேர்ந்து தயாரித்துப் பதிவாளர்களுக்கும் பாடசாலைகளுக்கும் கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும். நமது அரசியல் பிரதிநிதிகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் இதை முன்னெடுக்கலாம். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை.

தங்கச்சியின் பிள்ளைக்கு மர்யம் என்று பெயர் வைத்தார்கள். ஊரில் பல மர்யம்கள் இருக்கிறார்கள் என்று மச்சானுக்குச் சிறு கவலை. ஆனால் மூன்று மொழிகளிலும் எழுதிய தாளை அவரே கொண்டுபோய்ப் பதிவு செய்து, சான்றிதழைப் படம்பிடித்து எனக்கு அனுப்பினார். கீழே ஒரு வரி: "எழுத்து சரியா மச்சான்?" இரண்டு தடவை வாசித்துவிட்டுத்தான் சரி என்று பதில் போட்டேன். அல்லாஹ் அந்தப் பிள்ளையை அழகிய பெயருக்கேற்ற ஸாலிஹான பிள்ளையாக ஆக்குவானாக.