சுன்னத்துக்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை

 

கோடை விடுமுறை வந்துவிட்டால் எங்கள் விராலிமலை வட்டாரத்தில் மார்க்கக் கல்யாணங்கள் தொடங்கிவிடும். சென்ற ஆண்டு, மதரஸாவில் ஓதும் சிறுவன் ஒருவனின் தாயார் ஆய்வுக்கூடச் சீட்டுடன் வந்தார்.

"ஹஜ்ரத்! தேதி குறித்துவிட்டோம். டாக்டரோ இப்போது வேண்டாம் என்கிறார். சுன்னத்தைத் தள்ளிப்போட்டால் குற்றமாகுமா?"

அவருடைய தம்பி சிறுவயதில் சுன்னத்தின்போது இரத்தம் நிற்காமல் மௌத்தானவராம்.

சீட்டில் இரண்டு எண்கள். 'பி.டி.' 12 விநாடி, அது இயல்பானதே. 'ஏ.பி.டி.டி.' 78 விநாடி. இயல்பளவோ ஏறத்தாழ 25 முதல் 35 வரை. ஆய்வுக்கூடத்துக்கேற்ப இது சற்று மாறும்.

இரத்தம் உறைவதற்குப் பல புரதங்கள் ஒன்றையொன்று தூண்ட வேண்டும். அவற்றைக் காரணிகள் என்பர். பிளாஸ்மாவுடன் தூண்டுபொருளைச் சேர்த்து, எத்தனை விநாடியில் உறைகிறது என்று அளப்பவையே இச்சோதனைகள். 8ஆம் அல்லது 9ஆம் காரணி குறைந்தால் பி.டி. இயல்பாக இருக்கும்; ஏ.பி.டி.டி. மட்டும் நீளும். அது ஹீமோஃபிலியாவை ஐயுறச் செய்யும் அடையாளம். காரணியின் அளவைக் காணும் தனிச் சோதனையே அதை உறுதிசெய்யும். விரலில் குத்திப் பார்க்கும் பழைய சோதனை சரியாக இருந்தாலும் இந்நோய் இல்லையென்று கொள்ளலாகாது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, குர்துபா நகரை அடுத்து வாழ்ந்த மருத்துவ மேதை அஸ்ஸஹ்ராவீ, காயம்பட்டால் இரத்தம் நிற்காமல் ஆண்கள் இறந்துபோகும் ஒரு கிராமத்தைப் பற்றித் தமது 'அத்தஸ்ரீஃப்' நூலில் எழுதி வைத்தார். இந்நோய் பெரும்பாலும் தாய்வழியே மகனை அடைகிறது என்பதை இன்று அறிவோம். அதற்காகத் தாயைப் பழிப்பது அநீதி. குடும்பத்தில் எவருக்கும் இல்லாதிருந்தும் புதிதாகத் தோன்றுவதுண்டு.

அச்சகோதரிக்கு நான் கூறிய விடை இதுவே: உயிருக்கு அச்சமிருப்பின் சுன்னத்தை ஒத்திவைக்கலாம் என்பதே ஃபிக்ஹு அறிஞர்களின் தீர்ப்பு. மருத்துவம் செய்து கொள்வது தவக்குலுக்கு எதிரானதன்று.

பின்னர் குறைந்திருந்த காரணியை ஊசிவழியே செலுத்தி, மருத்துவமனையிலேயே சுன்னத் முடிந்தது. சிறுவன் நலமுடன் ஓதிவருகிறான். அல்ஹம்துலில்லாஹ்!

பெற்றோரே! விருந்துக்கு ஆட்டை விலைபேசுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். தாய்வழி ஆண்களில் எவருக்கேனும் இரத்தம் நிற்காமல் போனதுண்டா? பிள்ளைக்குச் சிறு அடியிலும் பெரிய கன்றல் தோன்றுகிறதா? பல் விழுந்தபோது நெடுநேரம் இரத்தம் கசிந்ததா? ஒன்றுக்கேனும் 'ஆம்' எனில், நாவிதரிடம் போகாதீர்கள். முதலில் மருத்துவரிடம் செல்லுங்கள்.

வஸ்ஸலாம்.