உறுமல் போனதா குற்றம்?

ஸ்வீடனின் ஓபெத் குழு 2011-இல் வெளியிட்ட ‘ஹெரிடேஜ்’ ஆல்பத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் மெட்டல் ரசிகர்கள் பலரும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்வார்கள்: பாடகர் மிக்கேல் ஓகர்ஃபெல்ட் உறுமிப் பாடுவதை விட்டார், குழு மென்மையாகிவிட்டது, ஆல்பம் கெட்டது. ஆல்பம் ஏமாற்றம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அவர்கள் சொல்லும் காரணம் நிற்காது.

மென்மைதான் குற்றமென்றால் இதே குழுவின் 2003 ஆல்பமான ‘டாம்னேஷன்’ எப்படித் தப்பியது? அதில் பேருக்குக்கூட ஓர் உறுமல் கிடையாது. இருந்தும் அதன் ‘விண்டோபேன்’ பாட்டை இதே ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். அதன் தயாரிப்பில் தோள்கொடுத்த ஸ்டீவன் வில்சன்தான் ‘ஹெரிடேஜ்’ ஒலிக்கலவையையும் செய்தவர்.

காசுக்காக மாறினார்கள் என்று சிலர் சொல்வது இன்னும் அநியாயம். புல்லாங்குழலும் மெல்லோட்ரானும் எழுபதுகளின் ராக் வாசனையுமாக எட்டு நிமிடப் பாட்டு எழுதி 2011-இல் எந்த வானொலியைப் பிடிக்க முடியும்?

கோளாறு பாடல்களின் கட்டுமானத்தில் இருக்கிறது. ‘ஃபேமின்’ பாட்டைக் கேளுங்கள். கைத்தாளமும் புல்லாங்குழலும் மூட்டமாகத் தொடங்குகின்றன. பிறகு பியானோவோடு தணிந்த குரல். திடீரென விரையும் கிடார். அப்புறம் கனத்து நகரும் ஒரு ரிஃப். ஒவ்வொன்றும் தனியே அழகு. ஆனால் ஒன்று முடிந்து அடுத்தது ஏன் வருகிறது என்பதற்குப் பாட்டுக்குள் பதிலே இல்லை. வெட்டுத் துணிகளை ஒட்டுப் போட்டதுபோல் இருக்கிறது. 2001-இன் ‘பிளாக்வாட்டர் பார்க்’ ஆல்பத்தில் உள்ள ‘த ட்ரேப்பரி ஃபால்ஸ்’ பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும். அங்கே சாந்தம் மெல்ல மெல்ல இறுகித்தான் உறுமலாக வெடிக்கிறது; தொடக்க மெட்டு கடைசியில் திரும்பி வரும்போது அதற்கு வேறு கனம் கூடியிருக்கிறது. அந்தப் பொறுமை ‘ஹெரிடேஜ்’ ஆல்பத்தில் ‘ஃபோக்லோர்’ பாட்டின் இறுதிப் பகுதியில் மட்டும்தான் எட்டிப் பார்க்கிறது.

உறுமல் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு 2014-இலேயே பதில் வந்துவிட்டது. அந்த ஆண்டு குழு வெளியிட்ட ‘பேல் கம்யூனியன்’ ஆல்பத்திலும் உறுமல் இல்லை. அதே எழுபதுகளின் வாசனைதான். ஆனால் பாடல்கள் தொடங்கிய இடத்திலிருந்து போய்ச்சேர வேண்டிய இடத்துக்குப் போகின்றன. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு, பழியை யார்மேல் போடுவது என்று நீங்களே சொல்லுங்கள்.