முகப்பு வேலை முடியாத வீடு

கண்டனூரில் ஊருக்கு வெளியேயுள்ள தோட்டத்துக் கிணற்றில் கோடை விடுமுறையின்போது நான் பலமுறை கண்ட காட்சி ஒன்று உண்டு. பத்தாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன், தனியே வரும் நாட்களில், படியில் அமர்ந்து காலை நனைத்து, நீரின் மட்டத்தை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, மெல்ல இறங்கிக் குளிப்பான். அதே பையன், கூட்டாளிகள் நால்வர் வந்து மேட்டில் நின்றுவிட்டால், கைப்பிடிச் சுவரில் ஏறித் தலைகீழாகப் பாய்வான். ஆபத்தை அறியாதவன் அல்லன் அவன். அறிந்தது அந்தக் கணத்தில் அவனுக்குத் துணை வரவில்லை.

அமெரிக்க உளவியலறிஞர்கள் லாரன்ஸ் ஸ்டைன்பர்க்கும் மார்கோ கார்ட்னரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வொன்று இதையே பரிசோதனையாகக் காட்டிற்று. கணினியில் கார் ஓட்டும் விளையாட்டில், சமவயதினர் பார்த்திருக்கையில் பதின்வயதினர் தனித்து ஆடியதைக் காட்டிலும் மிகுதியான ஆபத்துக்குத் துணிந்தனர். இருபத்துநான்கு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் அத்தகைய மாற்றம் இல்லை.

காரணம் சுபாவக் கோளாறு அன்று. ஜே கீட் முதலிய விஞ்ஞானிகள் 1999 முதல் வெளியிட்டுவந்த மூளைப் பட ஆராய்ச்சிகள், பதின்வயதினரின் மூளை உருவத்தில் பெரியவர் மூளையை எட்டிவிட்ட பிறகும் உள்ளே வேலை ஓயவில்லை என்பதைப் புலப்படுத்தின. அதிகம் பயன்படாத நரம்பிணைப்புகள் களையப்படுகின்றன. பயன்படும் பாதைகள் வலுப்பெறுகின்றன. இப்பணி பின்புறத்திலிருந்து முன்புறம் நோக்கி நடந்து, திட்டமிடுதல், பொறுத்தல், விளைவை ஆராய்தல் ஆகியவற்றுக்கு ஆதாரமான நெற்றிப்புறப் பகுதியில் இருபது வயதைத் தாண்டியும் நீடிக்கிறது. ஆசையையும் அச்சத்தையும் கிளர்த்தும் உட்பகுதிகளோ அதற்கு வெகுமுன்பே சுறுசுறுப்படைந்துவிடுகின்றன. வளவும் இரண்டாங்கட்டும் குடியேறிப் புழங்கத் தயாராகிவிட்டபோதிலும் முகப்பில் மட்டும் சாரம் பிரிக்கப்படாமல் நிற்கும் செட்டிநாட்டு வீட்டைப் போன்றவன் பதினைந்து வயதுப் பையன்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்ற பழமொழியைச் சொல்லிச் சொல்லியே, இடையில் பதினைந்து என்றொரு பிராயம் இருப்பதை நாம் மறந்துவிட்டோம். அதுவும் வளையும் காலமே. வளைவதைப் போலவே முறியவும் கூடிய காலம். இதனை முதலில் உணரவேண்டியவர் நாளைய ஆசிரியர்.

கண்டனூருக்கு அண்மையிலுள்ள கோட்டையூரில் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார், 1947-இல் காரைக்குடியில் கலைக் கல்லூரி கண்டு, சில ஆண்டுகளுக்குள்ளேயே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியையும் நிறுவியதால், ஆசிரியராவோரைக் காணுதல் இந்தப் பிரதேசத்திற்குப் புதிதன்று. தோளில் பையும் கையில் பாடக்குறிப்பேடுமாகப் பேருந்திலிருந்து இறங்கும் பி.எட். மாணவியரைப் பார்க்கும்போதெல்லாம், இவர்கள் உளவியலறிஞர் பியாஜே வகுத்த வளர்ச்சிப் பருவங்களைப் பரீட்சைக்காக நெட்டுருப் போட்டிருப்பார்களே, ஒன்பதாம் வகுப்பின் கடைசி பெஞ்சை எதிர்கொள்ள யார் கற்பித்தார்கள் என்ற கவலை எனக்கு எழும்.

என் உறவுக்காரப் பெண் ஒருத்தி பயிற்சிக்குச் சென்றிருந்த பள்ளியில், கரும்பலகையில் கணக்குப் போட அழைத்த பையன் எழுந்து நின்று சிரித்தான். திமிர் என்றெண்ணி நாற்பது பேர் முன்னிலையில் கடிந்துகொண்டாள், சிரிப்பு பெரிதாயிற்று. மறுநாள் மணியடித்த பின், தாழ்வாரத்தில் அவனைத் தனியே நிறுத்திக் கேட்டபோது, தூணைச் சுரண்டிக்கொண்டே, “எனக்கு ஏழாம் வகுப்புக் கணக்கே வராது டீச்சர்” என்றான். தோழர்கள் முன் மக்குப் பட்டம் வாங்குவதைவிடப் போக்கிரிப் பட்டம் அவனுக்குக் கௌரவமாகப் பட்டிருக்கிறது. அவனுடைய வயதில் கூட்டாளிகளின் பார்வை உடம்பில் படும் சூட்டைப் போன்றது. அந்தப் பார்வையின் முன் வசவும் ஓர் அடியே. பிரம்பைச் சட்டம் விலக்கிவிட்டது. கல்வி உரிமைச் சட்டத்தின் பதினேழாம் பிரிவு உடற்தண்டனையோடு மனத்தைத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. ஆயினும், “கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள், மற்றதை உரித்துவிடுங்கள்” என்று உபாத்தியாயரிடம் ஒப்படைத்த பெற்றோரின் காலத்து வழக்கம் ஆசிரியர் நாக்கில் இன்னும் உயிரோடிருக்கிறது.

உறக்கத்தையும் இங்கே சொல்லவேண்டும். உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் இப்பிராயத்தில் இரவில் தாமதித்தே சுரக்கிறது. தேவையோ எட்டு முதல் பத்து மணி நேரம். விடியற்காலைச் சிறப்பு வகுப்பில் தலை சாய்ப்பவனைச் சோம்பேறி என்பது அநீதி.

மூளை வளரவில்லை என்று சொல்லிப் பிழைகளையெல்லாம் மன்னித்துவிட வேண்டுமென்பது என் அபிப்பிராயமன்று. கண்டிப்பு அவசியம், எல்லை அவசியம், ஒவ்வொரு பிள்ளையும் வெவ்வேறு வேகத்தில் வளர்வதால், மூளைப் படத்தைப் பார்த்து எந்தப் பையனையும் எடைபோட்டுவிடவும் முடியாது. ஆனால் செய்த காரியத்தைக் கண்டிப்பது வேறு, செய்தவனுக்கு ஆயுள் முழுவதற்கும் ஒரு பெயர் சூட்டிவிடுவது வேறு.

ஆகவே பயிற்சிக் கல்லூரிகளுக்கு என் வேண்டுகோள் இது: பி.எட். படிப்பில் பள்ளிப் பயிற்சியாகக் கழியும் 20 வாரங்களில், பாடக்குறிப்பேட்டோடு இன்னொரு குறிப்பேட்டையும் கொடுங்கள், ஒவ்வொரு பயிற்சி ஆசிரியரும் ஒரே ஒரு மாணவனை, அவன் தனித்திருக்கும்போதும் கூட்டத்திலிருக்கும்போதும், கவனித்து அதில் எழுதட்டும், அதற்கும் மதிப்பெண் அளியுங்கள்.