மழைக்கு முன் கரைக்கு வாருங்கள்!

தோழர்களே!

ஐப்பசி பிறக்கப் போகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்க இன்னும் சில நாள்தான். நம் குளத்துக் கரையோ 2023 டிசம்பர் வெள்ளம் அரித்த இடத்தில் அரித்தபடியே கிடக்கிறது.

அந்த டிசம்பர் 17, 18 தேதிகளைத் தூத்துக்குடி மாவட்டத்தில் யாரால் மறக்க முடியும்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணியில் வெள்ளம் கரைபுரண்டது. குளங்கள் உடைந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். அவ்வளவு மழையை எந்தக் கரை தாங்கும் என்று சிலர் கேட்கிறார்கள். மழை நம் கையில் இல்லை. கரையும் மறுகாலும் நம் கையில்தான் இருக்கின்றன.

குளம் பாசனத்துக்கு மட்டும் வெட்டியதல்ல. மேட்டிலிருந்து பாய்ந்துவரும் வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தி, மிஞ்சியதை மறுகால் வழியே அடுத்த குளத்துக்கு நிதானமாக அனுப்புவதும் அதன் வேலை. மேல்குளம் உடைந்தால் தேங்கிய நீர் மொத்தமும் ஒரே மூச்சில் கீழ்க்குளத்தில் விழும், அதுவும் உடையும். நம் கரையை நம்பி நாம் மட்டும் இல்லை, கீழே இருக்கும் ஊர்களும் அதை நம்பித்தான் தூங்குகின்றன.

நேற்று கரைமேல் நடந்து பார்த்தோம். மறுகாலை மறைத்து ஆளுயரத்துக்கு மேல் சீமைக்கருவேலம். மடைக்குப் பக்கத்தில் எலிவளை; கையை விட்டால் முழங்கை வரை போகிறது. மறுகால் அடைபட்டால் நீர் கரைமேல் வழியும். மண்கரைமேல் வழியும் நீர் வெளிச்சரிவை அறுத்துக்கொண்டே இறங்கும். வளைக்குள் புகுந்த நீரோ கரையை உள்ளிருந்தே கரைக்கும். இந்த இரண்டு ஆபத்தையும் இப்போதே தடுக்க வேண்டும்.

கரையைச் சரிசெய்யக் கேட்டு மனு கொடுத்துவிட்டோம். மதிப்பீடு தயாராகிறது என்ற பதிலோடு நிற்கிறது. மறுகால் ஓடையிலோ ஆக்கிரமிப்பு. குளங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007லேயே சட்டம் வந்துவிட்டது. ஓடையை அளந்து மீட்கும்வரை அந்தப் போராட்டத்தை விடமாட்டோம். அதுவரை கரையை இப்படியே விட்டுவைக்கவும் மாட்டோம்.

செய்ய வேண்டியது இதுதான். மறுகாலிலும் ஓடையிலும் மண்டிய முள்ளை வெட்டி வெளியேற்ற வேண்டும். வளைகளைத் தோண்டித் திறந்து, களிமண்ணை அடுக்கடுக்காகப் போட்டு, நனைத்து, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். அரித்த இடத்துக்கு மணல்மூட்டை தயாராக இருக்க வேண்டும். கூடுதல் தண்ணீருக்கு ஆசைப்பட்டு மறுகாலில் யாரும் மூட்டை அடுக்கக் கூடாது. நம் ஆளே ஆனாலும் தடுப்போம். மழை இறங்கியதும் முறைபோட்டு இரவுக் காவல். கரைக்கு வெளியே கலங்கிய நீர் ஊறினால் அந்த நொடியே கீழூருக்குத் தகவல் போக வேண்டும்.

ஞாயிறு காலை 6 மணி, மறுகால் முனை. வீட்டுக்கு ஒருவர், மண்வெட்டி, அரிவாள், காலிச் சாக்கோடு வாருங்கள். உடைந்த பிறகு ஓடிவரும் ஆயிரம் பேரைவிட, உடையும் முன் வரும் நூறு பேர்தான் இந்த ஊருக்குத் தேவை. வாருங்கள், தோழர்களே!