பணியிடத்தில் நம் சொல்லும் ஓர் அமானிதமே





பரமக்குடியிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பணிக்குச் செல்லும் நம் பிள்ளைகளைப் பற்றி அவர்தம் பெற்றோர் பேசும்போது தவறாமல் வந்துவிடும் ஒரு வாக்கியம் உண்டு. "எல்லாம் படிச்சிருக்கான், இங்கிலீஷ் மட்டும் வந்துட்டா எங்கேயோ போயிருவான்." இந்த வாக்கியத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆங்கிலம் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. அதைப் பற்றிப் பின்னர் கூறுகிறேன். ஆனால் நம் பிள்ளைகளின் வளர்ச்சி எந்த இடத்தில் தடைபடுகிறது என்று உற்று நோக்கினால், சொல்ல வேண்டியதை உரிய நேரத்தில், உரியவரிடம், தெளிவாகச் சொல்லாத பழக்கமே பெரும்பாலும் அங்கே குறுக்கே நிற்கிறது. இந்தப் பழக்கம் ஆங்கிலத்தில் வந்ததன்று. தமிழில், நம் வீடுகளிலும் கடைகளிலும் நாம் பழகிக்கொண்டது.

நம் மாவட்டத்தின் முண்டு மிளகாய்க்கு 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. காயப்போட்ட வத்தலின்மேல் பருவம் தவறி ஒரு மழை பெய்துவிட்டால் என்ன ஆகும் என்பதை இவ்வூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நிறம் வெளுத்துவிடும், மூட்டைக்குள் ஈரம் தங்கிவிடும். அப்படிப்பட்ட மூட்டையில் நல்ல வத்தலை மேலே பரப்பி விற்பவரை என்ன பெயரிட்டு அழைப்போம் என்பதும் நமக்குத் தெரியும். நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. காரணம் கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று கண்டித்ததாக முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது. அந்த வியாபாரி தானியத்தின்மேல் தண்ணீர் ஊற்றவில்லை. பொய்யான விலையும் சொல்லவில்லை. கெட்ட செய்தியை அடியில் வைத்தார், அவ்வளவுதான்.

நம் இளைஞர்கள் அலுவலகங்களில் அன்றாடம் செய்வது இதையேதான். திங்கட்கிழமை முடிக்க வேண்டிய வேலை முடியாது என்பது முந்தைய வியாழனன்றே தெரிந்துவிடுகிறது. மேலாளர் கேட்கிறார், "போய்க்கிட்டிருக்கு சார்" என்று பதில் செல்கிறது. வெள்ளியன்றும் அதே பதில். திங்கள் காலையில் கைப்பேசி அணைந்திருக்கிறது. இவன் பொய் சொல்லவில்லை என்று நினைத்துக்கொள்கிறான். வேலை போய்க்கொண்டுதானே இருந்தது! வியாழனன்றே உண்மையைச் சொல்லியிருந்தால் மேலாளர் இன்னொருவரைத் துணைக்குத் தந்திருப்பார், அல்லது வாடிக்கையாளரிடம் இரண்டு நாள் அவகாசம் கேட்டிருப்பார். திங்களன்று அவர் செய்யக்கூடியது கோபப்படுவது ஒன்றே. அதன்பின் இவன் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் பொறுப்பான வேலை இவனிடம் வராது. ஏன் வரவில்லை என்றும் யாரும் சொல்லமாட்டார்கள். இவனோ தன் ஆங்கிலத்தை நொந்துகொண்டு ஊருக்கு வருகிறான்.

வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசி, குறைகளைத் தெளிவுபடுத்தினால் அவர்களின் வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும் என்றும், மறைத்துப் பொய் சொன்னால் அந்த பரக்கத் அழிக்கப்படும் என்றும் ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அதில் உண்மை பேசுவதோடு தெளிவுபடுத்துவதும் தனியாகச் சேர்த்துச் சொல்லப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். பொய் சொல்லாமல் இருந்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று நாம் எண்ணுகிறோம். ஹதீஸ் அதோடு நிற்கவில்லை.

இனி, சற்றுக் கசப்பான ஒன்றைக் கூற வேண்டியுள்ளது. வளைகுடா அலுவலகங்களில் பணியாற்றிய நம் சபுராளிகளுக்கு ஒரு பழைய கேலி தெரிந்திருக்கும். யாரேனும் "இன்ஷா அல்லாஹ்" என்று சொன்னால் அந்த வேலை நடக்காது என்று பொருள் கொள்ள வேண்டுமாம். மாற்று மதத்தவர் இதைச் சொல்லிச் சிரிக்கும்போது நமக்குக் கோபம் வருகிறது. ஆனால் அந்தக் கேலியைச் சம்பாதித்துத் தந்தவர்கள் யார்? நாம்தாம். மறுக்கத் துணிவில்லாத இடத்தில் "இன்ஷா அல்லாஹ் பார்க்கலாம்" என்கிறோம். தேதி சொல்ல மனமில்லாத இடத்தில் "சீக்கிரமே, இன்ஷா அல்லாஹ்" என்கிறோம். கடனைத் திருப்பிக் கேட்பவரிடமும் அதே சொல். கஹ்ஃபு அத்தியாயத்தின் 23, 24-ஆம் வசனங்கள், நாளை இதைச் செய்வேன் என்று எதைப் பற்றியும் கூறும்போது அல்லாஹ் நாடினால் என்று சேர்த்தே கூறும்படி கட்டளையிடுகின்றன. அங்கே முதலில் ஒரு உறுதி இருக்கிறது; செய்வேன் என்ற தீர்மானமும் நாளை என்ற காலமும் இருக்கின்றன. அந்த உறுதியை இறைவனின் நாட்டத்தின்கீழ் வைக்கும் பணிவே இன்ஷா அல்லாஹ். உறுதியே இல்லாத இடத்தில் அச்சொல்லைத் திரையாகத் தொங்கவிடுவது அதற்குச் செய்யும் மரியாதை ஆகுமா?

"வியாழன் பகல் 12 மணிக்குள் விலைப்பட்டியலை அனுப்பிவிடுகிறேன், இன்ஷா அல்லாஹ். தாமதமாகும் என்று தெரிந்தால் புதன் மாலையே தெரிவிப்பேன்." இப்படி எழுதிப் பழகட்டும் நம் பிள்ளைகள். இயலாது என்றால், "இந்த வாரம் என்னால் இயலாது, அடுத்த செவ்வாய் முடியும்" என்று மரியாதையாகச் சொல்லட்டும். வாக்களித்தால் மாறுவது நயவஞ்சகனின் அடையாளங்களுள் ஒன்று என்ற ஹதீஸை மதரஸாவில் மனனம் செய்த பிள்ளைகள்தாமே இவர்கள்!

கேள்வி கேட்பதிலும் நமக்குத் தயக்கம் மிகுதி. பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று வளர்க்கப்பட்ட பிள்ளை, மேலாளர் சொன்னது பாதி புரிந்த நிலையிலேயே தலையை ஆட்டிவிட்டு வருகிறான். பிறகு நண்பனிடம் கேட்டு, ஊகித்து, தவறாக முடித்துக் கொடுக்கிறான். அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற பரீரா (ரலி) அவர்களின் நிகழ்வை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். பிரிந்த கணவர் முகீஸோடு அவர் மீண்டும் சேர்ந்து வாழலாமே என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். பரீரா உடனே கேட்டார்: அல்லாஹ்வின் தூதரே, எனக்கு இது கட்டளையா? இல்லை, பரிந்துரைக்கவே செய்கிறேன் என்றார்கள் நபியவர்கள். அப்படியானால் அவர் எனக்குத் தேவையில்லை என்று பரீரா விடையளித்தார். புகாரியில் உள்ள செய்தி இது. அல்லாஹ்வின் தூதரிடமே ஒரு பெண், சொன்னதன் பொருள் என்ன என்று தெளிவுபடுத்திக்கொண்டார். அது மரியாதைக் குறைவாகக் கருதப்படவில்லை. "நீங்கள் சொன்னது இன்றே வேண்டுமா, அல்லது இந்த வாரத்துக்குள் போதுமா சார்?" என்று கேட்க நம் பிள்ளை ஏன் அஞ்ச வேண்டும்?

எழுதிக்கொள்வதைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது? தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதுமன்று. அல்பகறா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம்; கொடுக்கல் வாங்கலை எழுதுவதைப் பற்றியது. தவணைக் கடனை எழுதிக்கொள்ளுங்கள் என்கிறது. எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும், கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும், அவர் இயலாதவர் என்றால் பொறுப்பாளர் சொல்ல வேண்டும், சாட்சிகள் வேண்டும், தொகை சிறிதோ பெரிதோ எழுதச் சலிப்படையக் கூடாது, எழுதுபவருக்கும் சாட்சிக்கும் தொல்லை தரக் கூடாது. கைக்குக் கை நடக்கும் உடனடி வியாபாரத்துக்கு மட்டுமே எழுதுவதிலிருந்து விலக்கு. இவ்வளவு நுணுக்கமாக நமக்குச் சொல்லப்பட்டிருக்க, நம் நடைமுறை என்ன?

மாமாவின் கமிஷன் கடையில் மருமகன் வேலைக்குச் சேர்கிறான். "மாமா, எனக்குச் சம்பளமா, பங்கா?" என்று அவன் கேட்டுவிட்டால் வீடே அதிர்ந்துவிடும். "நமக்குள்ள என்னடா எழுத்து, கணக்கு?" என்பார் மாமா. நல்ல எண்ணத்தோடுதான் சொல்வார். ஆறு ஆண்டுகள் கழித்து மருமகன் தனிக்கடை வைக்க நினைக்கும் நாளில், அவன் மனத்தில் ஒரு தொகையும் அவர் மனத்தில் ஒரு தொகையும் இருக்கும். பிறகு ஜமாஅத் பெரியவர்கள் உட்கார வேண்டும். இரண்டு குடும்பங்கள் திருமணங்களில் முகம் பார்க்காமல் போகும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும்தான். அதை மெய்ப்பிப்பதுதான் பெரும்பாடு. எழுதுவது நம்பிக்கையின்மையைக் காட்டும் என்ற எண்ணம் நம்மிடையே எப்படி வேரூன்றியது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எழுதச் சொன்னவன் இறைவன் அல்லவா?

அலுவலகத்தில் பணிபுரியும் தம்பி இதை மிக எளிதாகச் செய்யலாம். தொலைபேசியில் பேசி முடித்தவுடன் இரண்டு வரி அனுப்பினால் போதும்: "இன்று பேசியபடி 40 மூட்டை, வெள்ளிக்கிழமை உங்கள் கிடங்கில் இறக்கப்படும், லாரி வாடகை எங்களுடையது, பணம் 15 நாளில். மாற்றம் இருந்தால் தெரிவிக்கவும்." இதற்கு எவ்வளவு இலக்கணம் வேண்டும்? இதை எழுதாமல் மூன்று நிமிடக் குரல் பதிவு அனுப்புகிறார்கள் சிலர். இன்னும் சிலர், "சார் ஒரு விஷயம்" என்று மட்டும் அனுப்பிவிட்டு, மறுமுனையில் இருப்பவர் "என்ன?" என்று கேட்கும்வரை காத்திருக்கிறார்கள். ஒருவர் எண்ண நினைத்தால் எண்ணிவிடலாம் என்ற அளவுக்கு நபி (ஸல்) அவர்களின் பேச்சு நிதானமாக இருந்தது என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். கேட்பவரின் நேரத்துக்கும் ஓர் உரிமை உண்டு.

ஆங்கிலத்துக்கு வருகிறேன். ரோமாபுரியினருக்குக் கடிதம் எழுத நபி (ஸல்) அவர்கள் நாடியபோது, முத்திரை இல்லாத கடிதத்தை அவர்கள் படிப்பதில்லை என்று தெரிவிக்கப்பட்டது. உடனே வெள்ளியில் முத்திரை மோதிரம் செய்துகொண்டார்கள். பெறுபவரின் வழக்கத்தை மதித்தார்கள். யூதர்களின் எழுத்தைக் கற்கும்படி ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களிடம் கூறினார்கள். அரை மாதத்துக்குள் அவர் கற்றுத் தேர்ந்ததாகத் திர்மிதியில் உள்ளது. கடிதப் போக்குவரத்துக்காக ஒரு மொழியைக் கற்பது நமக்கு சுன்னத்தான முன்மாதிரி என்றே சொல்வேன். நம் கீழக்கரை, காயல்பட்டின முன்னோர் அரபு எழுத்தில் தமிழை எழுதி, கடல் கடந்தும் கடிதம் வளர்த்தவர்கள். எழுத்து நம் சமுதாயத்துக்கு அந்நியமானதன்று.

ஆகவே ஆங்கிலம் கற்கட்டும். ஆனால் நுனிநாக்கு உச்சரிப்பை விற்கும் வகுப்புகளில் ஆயிரக்கணக்கில் பணம் கட்டுவதற்கு முன், தான் செய்த வேலையைத் தமிழில் பத்து வரிகளில் குழப்பமின்றி எழுத முடிகிறதா என்று ஒரு முறை சோதித்துப் பார்க்கட்டும். நம் மாவட்டத்தின் இராமேஸ்வரத்தில் 1931-இல் பிறந்த அப்துல் கலாம் அவர்கள், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் படித்த காலத்தில், அங்கிருந்த தமிழ்ச் சங்கத்தின் கட்டுரைப் போட்டியில் நம் விமானத்தை நாமே உருவாக்குவது பற்றித் தமிழில் எழுதிப் பரிசு பெற்றார். பரிசளித்தவர் அன்றைய ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன். விமானத்தைப் பற்றித் தாய்மொழியில் தெளிவாக எழுத முடிந்த மாணவர், பிற்காலத்தில் அதே தெளிவோடு ஆங்கிலத்தில் உலக அரங்குகளில் பேசினார். சிந்தனை குழம்பியிருப்பவருக்கு ஆங்கிலம் வந்தால், குழப்பம் ஆங்கிலத்தில் வெளிப்படும்; வேறு மாற்றம் இராது.

வீட்டிலிருந்தபடியே துணி, உணவு, மசாலா விற்கும் சகோதரிகளுக்கும் இவை அனைத்தும் பொருந்தும். "விலைக்கு தனியே கேளுங்கள்" என்று எழுதாதீர்கள்; விலையைப் படத்தின் அடியிலேயே போடுங்கள். துணியின் நிறம் படத்தில் சற்று மாறித் தெரியும் என்றால் அதையும் எழுதுங்கள். கதீஜா (ரலி) அவர்கள் தம் சரக்கை ஷாம் தேசத்துக்குக் கொண்டுசெல்ல முஹம்மது (ஸல்) அவர்களைத் தேர்ந்தபோது, அவர்களைப் பற்றிக் கேள்வியுற்றிருந்த பண்புகளில் பேச்சின் உண்மையும் ஒன்று என்று சீறா நூல்கள் கூறுகின்றன.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். தேர்வில் மதிப்பெண் குறைந்ததை அத்தாவிடம் சொல்ல வந்த பிள்ளையை முதல் வார்த்தையிலேயே அடித்து உட்கார வைத்தால், அவன் கெட்ட செய்தியை மூட்டையின் அடியில் வைக்கும் கலையை அன்றே கற்றுக்கொள்கிறான். கண்டியுங்கள், ஆனால் முதலில் முழுவதும் கேளுங்கள். தானாக வந்து சொன்னதற்காக ஒரு வார்த்தை பாராட்டுங்கள்.

நம் மஹல்லாவில் பெருநாள் விடுமுறைக்கு ஊர் திரும்பும் சகோதரர்களுள் கணக்கர்களும் பொறியாளர்களும் விற்பனை மேலாளர்களும் இருக்கிறார்கள். வேலை தேடும் தம்பிகளும் இங்கேயே இருக்கிறார்கள். பெருநாளுக்கு அடுத்த நாள் அஸருக்குப் பின் மதரஸாக் கூடத்தில் இரு தரப்பையும் இரண்டு மணி நேரம் உட்கார வைக்க ஜமாஅத் ஏற்பாடு செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். சொற்பொழிவு வேண்டாம். தாமதத்தைத் தெரிவிக்கும் செய்தி ஒன்று, விலை கேட்டு ஒரு கடிதம், முடியாது என்று மறுக்கும் பதில் ஒன்று. இம்மூன்றையும் தம்பிகள் எழுதிக் காட்டட்டும், அண்ணன்மார் சிவப்பு மையில் திருத்தட்டும். பெண்களுக்குத் தனியே, அவர்களுள் பணிபுரியும் சகோதரிகளைக் கொண்டே நடத்தலாம். தாளும் பேனாவும் தேநீரும் தவிர வேறு செலவில்லை.